446 என்ற எண்ணை விட்டுவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், உரிமம் இல்லாத வாக்கி டாக்கி விற்றால் நடவடிக்கை என்று ஒரு சிறு செய்தி வந்தது. நான்கே வரி. அந்த நான்கு வரி போடிமெட்டு டீக்கடையில் என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர் பேப்பரை உரக்கப் படித்தார். பக்கத்து பெஞ்சில் இருந்தவர், "இனிமே செட்டு வச்சிருந்தாலே உள்ள தூக்கிப் போட்ருவாங்களாம்" என்றார். மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்லாமல் என் இடுப்பைப் பார்த்தார். அங்கே ஒரு செட் தொங்கிக்கொண்டிருந்தது. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எல்லோருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடிதம் நீளம். எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், எண்களை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் போடிநாயக்கனூர்க்காரன். வீடு போடியில், தோட்டம் மெட்டுக்கு அந்தப் பக்கம், பூப்பாறை போகும் வழியில். 4 ஏக்கர் ஏலக்காய். ரேஷன் கார்டு தமிழ்நாடு, நிலவரி கேரளா, மழை இரண்டு பக்கத்துக்கும் பொது. செல்போன் டவர் மட்டும் எந்தப் பக்கமும் கிடையாது. தோட்டத்தின் மேல் கோடியில் நின்றால் போனில் ஒரு சிக்னல் கோடு தெரியும். நான்கு அடி இறங்கினால், "நிங்கள் விளிக்குன்ன சப்ஸ்கிரைபர் பரிதிக்குப் புறத்தாணு" என்று, எல்லைக்கு வெளியே என்று, போனில் வரும் அந்த மலையாள அம்மா சொல்லிவிடுவார். ஓடைப் பக்கம் இறங்கினால் அந்த அம்மாவும் இல்லை. ஜூனில் தென்மேற்கு மழை பிடித்துக் கரண்ட் போனால், இருக்கிற ஒரு கோடும் டவர் பேட்டரி தீரும்வரைதான்.

ஏலத்தோட்டம் எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. தட்டைகள் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கும். அதற்கு மேலே நிழல் மரம். காய் எடுக்கிற பெண்கள் தூரடியில் குனிந்து உட்கார்ந்துதான் சரத்திலிருந்து பறிப்பார்கள். பத்தடி தள்ளி ஆனை நின்றால்கூடத் தெரியாது. இது கற்பனை பயம் இல்லை. சின்னக்கானல் எங்களுக்கு அடுத்த மலை. ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்ற அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29-இல் அங்கேதான் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். அது மே மாதக் கடைசியில் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்ற கதை உங்கள் பேப்பரில்தான் படித்தோம். அன்றைக்கு என் வீட்டுக்காரி கேட்டாள்: "ஆனைக்கே ரேடியோ மாட்டி விட்டுட்டாங்க, நமக்கு ஒண்ணு வாங்க வக்கில்லையா?"

வாங்கினேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

பெரிய ஊர் ஒன்றில், எலக்ட்ரானிக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு ஜோடி வாங்கினேன். பெட்டியில் 5 வாட், 10 கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்து. கடைப் பையன், "சார், இது பவர்ஃபுல். எந்த நம்பர் வேணும்னாலும் அடிக்கலாம்" என்றான். அது என்ன பாராட்டு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கால்குலேட்டர் மாதிரி பொத்தான்கள், இரண்டு வரித் திரை. உரிமம் கிரிமம் என்று அவன் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை, பில்லும் வரவில்லை.

இரண்டு நாள் நன்றாகத்தான் பேசினோம். மூன்றாம் நாள் என் தங்கை மகன் பொழுது போகாமல் எண்களை மாற்றி மாற்றி அடித்திருக்கிறான். எங்கேயோ மலையாளத்தில் பேச்சு கேட்டதும், இவனும் சும்மா இருக்காமல் பொத்தானை அழுத்தி "அலோ, அலோ" என்றிருக்கிறான். மறுமுனையில் ஒரே அமைதி. அப்புறம் ஒரு கடுமையான குரல், யாரது, சேனலை விட்டு வெளியே போ என்று. அந்த வாரமே வனக் காவலர் ஒருவர் தோட்டத்துக்கு வந்தார். அடாவடியாகப் பேசவில்லை. செட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணா, இது எவிடுன்னா வாங்கிச்சே?" என்று கேட்டார். பிறகு உட்கார்ந்து கட்டன் காப்பி குடித்துக்கொண்டே, அது என்ன ஜாதிக் கருவி என்று விளக்கினார். போலீஸ், வனத்துறை, தீயணைப்பு எல்லாம் பேசுகிற அலைவரிசைக்குள் அந்தக் கருவி நுழையும். தெரியாமல் நுழைந்தாலும் குற்றம்தான். அவர்கள் காட்டுத்தீ பற்றியோ ஆனை பற்றியோ பேசிக்கொண்டிருக்கும்போது நம் பையன் "அலோ" சொன்னால், அந்த ஒரு நொடி அவர்கள் பேச்சு அடைபடும். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

கடைக்குப் போனேன். பணமும் தர மாட்டோம், மாற்றியும் தர மாட்டோம் என்றார்கள். காசு போனால் போகிறது என்று அவர்கள் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இனி சட்டம். 1885-ஆம் ஆண்டு தந்திச் சட்டமும் 1933-ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டமும் போட்ட அஸ்திவாரம் இது. இப்போது 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. பொதுவாக ரேடியோவில் பேச உரிமம் வேண்டும். ஆனால் 2018 அக்டோபரில் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. அதன்படி 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சின்ன இடைவெளியில், அரை வாட்டுக்கு மிகாத கைக்கருவியில், யாரும் உரிமம் இல்லாமல் பேசலாம். ஐரோப்பாவில் வீட்டுக்காரர்கள், மலையேறுகிறவர்கள் பல வருடமாகப் பயன்படுத்துவதும் இதே 446-தான். கருவிக்கு மட்டும், அலைவரிசைகளைக் கவனிக்கும் மத்திய அரசின் டபிள்யூ.பி.சி. அலுவலகத்தின் இ.டி.ஏ. சான்று, அதாவது கருவி வகைக்கான ஒப்புதல், இருக்க வேண்டும். அதை வாங்க வேண்டியது தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோதான், நாம் இல்லை. நாம் செய்ய வேண்டியது, சான்று எண்ணைக் கேட்டுப் பார்ப்பது.

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வணிக நிறுவனங்களுக்கு 13 நோட்டீஸ் அனுப்பியதும் இதற்காகத்தான். எந்த அலைவரிசை, உரிமம் வேண்டுமா வேண்டாமா, சான்று உண்டா என்று எதுவும் சொல்லாமல் வாக்கி டாக்கி விற்றார்கள் என்பது புகார். அதே மாதக் கடைசியில் வழிகாட்டு நெறிமுறையும் வந்தது. டீக்கடையில் புரிந்துகொண்ட மாதிரி, செட் வைத்திருக்கிற ஆளையெல்லாம் பிடிக்கிற சட்டம் இல்லை இது.

இதில் இன்னொரு குழப்பம் உண்டு. பூப்பாறையில் ஒரு வீட்டில், அமெரிக்காவிலிருந்து வந்த மருமகன் ஒரு அழகான ஜோடி செட் கொண்டு வந்தார். மஞ்சள் நிறம், பிள்ளைகள் கையில் எடுத்தால் வைக்க மாட்டார்கள். அது 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசும். அங்கே உரிமம் இல்லாமல் பேசலாம், இங்கே கூடாது. கருவி நல்லது, ஊர்தான் வேறு. அவரிடம் சொன்னபோது முகம் சுண்டிவிட்டது. என்ன செய்வது?

27 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் வரை உரிமமில்லாமல் பேசவும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு ஆன்டெனா ஆளுயரம் வேண்டும், ஏலக்காட்டுக்குள் சுமந்து திரிய முடியாது. ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்காகப் பேசுகிறவர்களின் ரேடியோ என்றால் தேர்வு எழுதி, வி.யூ. (VU) என்று ஆரம்பிக்கும் அழைப்புக் குறி வாங்க வேண்டும். 12 வயது முடிந்தால் எழுதலாம். அருமையான விஷயம், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும். ஆனால் ஹாமில் தொழில் பேசக் கூடாது. ஏலக்காய் எத்தனை கிலோ காய்ந்தது என்று என் வீட்டுக்காரியிடம் கேட்டால் அதுவே விதிமீறல்.

ஆக, எங்களுக்கு 446. இரண்டாம் தடவை வாங்கப் போனபோது பெட்டியில் முதலில் அந்த எண்ணைத் தேடினேன். கிலோமீட்டர் எத்தனை என்று பார்க்கவே இல்லை. அரை வாட்டா என்று பார்த்தேன். எண் தட்டும் பொத்தான்கள் இல்லாததாகப் பார்த்தேன், தங்கை மகன் கைக்கு வேலை வைக்கக் கூடாது அல்லவா? இந்த வகைச் செட்டில் ஆன்டெனாவைக் கழற்ற முடியாது, அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். மழைக்காக, தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐ.பி. எண் கேட்டேன். 54 என்றால் தூறலும் தெறிக்கிற தண்ணீரும் தாங்கும். 67 என்றால் ஓடையில் விழுந்தாலும் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு 54-தான் கட்டுப்படியானது. இயர்போன் ஓட்டையை மூடும் ரப்பர் நன்றாகப் பொருந்துகிறதா என்று நகத்தால் தூக்கிப் பார்க்க வேண்டும். மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் முதலில் உள்ளே போகும். பேட்டரி கழற்றி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். செல்போன் சார்ஜர் ஒயரிலேயே ஏறினால் இன்னும் நல்லது, கரண்ட் இல்லாத நாளில் பவர் பேங்கிலும் ஜீப்பிலும் ஏற்றிக்கொள்ளலாம். டார்ச் லைட் வைத்த செட்டைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது அதிகம் பயன்படுவது அந்த டார்ச்தான்.

வாங்கி வந்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் வேலை இல்லாத நாள். வீட்டுக்காரி ஸ்டோர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஸ்டோர் என்றால் ஏலக்காய் உலர்த்தும் கட்டடம், எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நான் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். ஐம்பது எட்டுக்கு ஒருதரம் நின்று, "ஒண்ணு, கேக்குதா?" "ரெண்டு, கேக்குதா?" அவள் பதில் தெளிவாக வந்தால் ஒரு டிக், கரகரப்பென்றால் ஒரு கோடு, வரவில்லை என்றால் பெருக்கல் குறி. கீழ்க் கையாலை, அதாவது கல் வரப்பு வரை, ஏறக்குறைய 600 மீட்டர், டிக். அங்கிருந்து திரும்பி ஓடைக்கு இறங்கினேன். ஸ்டோருக்கு 200 மீட்டர்கூட இருக்காது, மேட்டுக்கு அடியில். பெருக்கல். இரண்டடி தள்ளி நின்றேன், பெருக்கல். ஒரு பாறையில் ஏறி நின்று கையைத் தூக்கினேன். "என்னங்க, எங்க போனீங்க, எம்புட்டு நேரமா கத்துறேன்" என்று முழுசாக வந்தது.

அன்றைக்குப் புரிந்தது, ஒளி போகிற வழியில்தான் இந்த அலையும் போகும் என்று. செட்டுக்கும் செட்டுக்கும் நடுவில் மண்மேடு இருந்தால் 5 வாட்டும் அதற்குள் நுழையாது. இலைகூடக் கொஞ்சம் தின்னும், நனைந்த இலை இன்னும் கொஞ்சம் தின்னும். இடுப்பில் தொங்கவிட்டுப் பேசினால் நம் உடம்பே மறைக்கும். படுக்கப் போட்டுப் பேசினால் குறையும். செங்குத்தாக, முகத்துக்கு நேராக, வாயிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடிக்க வேண்டும். ஸ்டோருக்குத் தகரக் கூரை. உள்ளே வைத்தால் பாதி போய்விடுகிறது என்று, செட்டை மாடி ஜன்னல் ஓரம் மரப்பலகையில் நிற்க வைத்தோம். அதற்குப் பிறகு ஓடையிலும் ஒரு டிக் கிடைத்தது.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். டிசம்பரில் ஒரு நாள், பனி விலகிய காலை. நான் போடிமெட்டில், ரோடு வளைந்து இறங்குகிற இடத்தில் நின்றேன். கீழே போடி ஊர் முழுவதும் தட்டில் கொட்டிய பொரி மாதிரி தெரியும். மகன் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றான். நடுவே 17 கொண்டை ஊசி வளைவு, நேர்கோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கலாம். பொத்தானை அழுத்தினேன். "அப்பா, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி இருக்கு" என்றான். அதே அரை வாட். ஓடையில் 200 மீட்டர் போகாத செட். பெட்டியில் போடுகிற கிலோமீட்டர் கணக்கு பொய் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் எந்த மலையில் நின்று அளந்தார்கள் என்று சொல்வதில்லை, அவ்வளவுதான்.

சேனல் பற்றி. இந்த 446-இல் 16 சேனல், 446.00625-இல் ஆரம்பித்து 446.19375-இல் முடியும். பழைய செட்களில் எட்டுதான் இருக்கும். பெட்டியைத் திறந்ததும் எல்லோரும் 1-ஆம் சேனலில்தான் பேசுவார்கள், அதனால் அதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு சேனலிலும் பத்து நிமிஷம் காது கொடுத்துக் கேட்டு, ஆள் அரவம் இல்லாததைப் பிடிக்க வேண்டும். நாங்கள் 11. சீசனில் கம்பம், போடியிலிருந்து ஜீப் ஜீப்பாக ஆட்கள் வரும்போது யாராவது அங்கேயும் வந்துவிடுவார்கள். சண்டை போட வழியில்லை. யாருக்கும் எழுதி வைத்த சேனல் இல்லை.

அடுத்து அந்த டோன் சமாச்சாரம். விளம்பரத்தில் தனிப்பட்ட ரகசியக் குறியீடு என்று போடுகிறார்கள். ரகசியமும் இல்லை, மண்ணும் இல்லை. நாம் பேசும்போது குரலுக்கு அடியில் காதுக்கு எட்டாத ஒரு மெல்லிய ரீங்காரம் சேர்ந்து போகும். அதே ரீங்காரம் வந்தால் மட்டும் நம் செட் வாயைத் திறக்கும். அடுத்தவர் பேச்சு நம் காதில் விழாது, அவ்வளவுதான். நாம் பேசுவது டோன் போடாத எல்லோர் காதிலும் விழும். நம் காதில் விழவில்லை என்பதால் சேனல் காலியாக இருக்கிறது என்று நினைத்து, அவர்கள் தலைமேல் ஏறிப் பேசுவோம். அதனால் பேசுமுன், டோன் பார்க்காமல் எல்லாவற்றையும் கேட்க விடும் மானிட்டர் பொத்தானை ஒருதரம் அழுத்திக் கேட்பது நல்லது.

பக்கத்துத் தோட்டக்காரர் வேறு கம்பெனி செட் வாங்கினார். இருவரும் 11-ஆம் சேனல், இருவரும் 9-ஆம் டோன். ஒரு சொல் கேட்கவில்லை. அரை நாள் செட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தோம். கடைசியில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் கம்பெனிக்கு 9 என்பது ஒரு ஹெர்ட்ஸ், என் கம்பெனிக்கு 9 என்பது வேறு. வரிசை எண்ணைப் பார்க்காமல் ஹெர்ட்ஸைப் பார்த்துப் பொருத்த வேண்டும். 67.0-இல் தொடங்கி 250.3 வரை பட்டியல் இருக்கும். எதுவும் புரியவில்லை என்றால் இருவரும் டோனை அணைத்துவிடுங்கள், உடனே கேட்கும்.

கை படாமலே பேசும் வசதி ஒன்று இருக்கிறது, வாக்ஸ் என்பார்கள். சத்தம் கேட்டதும் செட் தானாகவே பேச ஆரம்பிக்கும். எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் அதை ஸ்டோர் செட்டில் போட்டுவிட்டேன். மறுநாள் காலை நானும் கங்காணி அண்ணனும் கீழே உரம் போட்டுக்கொண்டிருந்தோம். செட்டில் "உய்ய்" என்று ஒரே இரைச்சல். ஸ்டோரில் காற்றாடி மோட்டார் போட்டிருக்கிறார்கள், அது வாக்ஸுக்குப் பேச்சாகத் தெரிந்திருக்கிறது. பொத்தானை அழுத்திச் சொல்லலாம் என்றால், அந்தப் பக்கம் பேசிக்கொண்டே இருக்கும்போது நம் குரல் எப்படிப் போகும்? கொஞ்ச நேரத்தில் மோட்டார் நின்றது. அப்புறம் என் வீட்டுக்காரியின் குரல், தன் அக்காவிடம், நிறுத்தி நிதானமாக: "ஆமா, எம்புட்டு ரூவாயக் கொண்டு போயி இந்தப் பொம்மையில போட்டாரு. அதுக்கு ஒரு ஜோடித் தோடு எடுத்திருக்கலாம்." கங்காணி அண்ணன் உரமூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துத் தோட்டத்திலும் கேட்டிருக்கிறது, அன்று சாயங்காலம் அவர் என்னைப் பார்த்து, "தோடு எடுத்தாச்சா?" என்றார். வாக்ஸை அன்றே அணைத்தேன். தோடு தீபாவளிக்கு எடுத்தது.

பேச்சு முடிந்ததும் வருகிற அந்தக் கீச்சு ஒலியையும் அணைத்துவிட்டோம். பொத்தான் பூட்டு மட்டும் எப்போதும் போட்டிருக்கும். இல்லாவிட்டால் மடியில் வைத்துக் குனியும்போது சேனல் மாறிவிடும். மாறியதே தெரியாமல் நாள் முழுக்க "ஆளே பேசல" என்று கோபித்துக்கொண்டிருப்போம்.

பேசும் முறையை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். பெயர் சொல்வதில்லை. ஸ்டோர் "மேல", தோட்டம் "கீழ", ஜீப் "ரோடு". பொத்தானை அழுத்தி மனசுக்குள் ஒன்று எண்ணிவிட்டுத்தான் பேச வேண்டும், இல்லையென்றால் முதல் சொல் விழுங்கப்படும். "ஆனை வருது, வராதீங்க" என்பதில் முதல் சொல் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் ஆனை என்றால் மூன்று தரம் சொல்லிவிட்டு, எங்கே என்று ஒரு சொல், பிறகு எல்லோரும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், பார்த்தவர் மட்டும்தான் பேசலாம். காலை 7, 11, மதியம் 3 மணிக்கு ஒரு அழைப்பு. பதில் வராவிட்டால் கால் மணி நேரம் கழித்து இன்னொன்று. அதற்கும் வராவிட்டால் இரண்டு பேர் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பேட்டரி தீர்ந்திருக்கும். ஒருதரம் மட்டும் வழுக்கி விழுந்து கணுக்கால் பிசகிய அக்கா ஒருவர், சரிவில் உட்கார்ந்திருந்தார். கையில் செட் இருந்தும் பள்ளத்துக்குள் கேட்கவில்லை. 11 மணி அழைப்புக்குப் பதில் வராததால்தான் தேடிப் போனோம். போடியிலும் புற்றடியிலும் ஏலக்காய் என்ன விலைக்குப் போனது என்பதை மட்டும் செட்டில் பேசுவதே இல்லை, ஊரே கேட்கும்.

பேட்டரிக்கு ஒரு சொல். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் துணி காயாது, தீப்பெட்டி உரசினால் பற்றாது. செட் ஈரம் வாங்கக் கூடாது என்று என் வீட்டுக்காரி அதை உலர்த்தும் அறைச் சுவரை ஒட்டி வைத்தாள். உள்ளே 50 டிகிரிச் சூட்டில் காய் காய்கிறது, சுவர் கதகதவென்று இருக்கும். நல்ல யோசனை என்று நானும் தலையாட்டினேன். இரண்டு வாரத்தில் பேட்டரி உப்பி, பின்மூடி வாய் பிளந்துவிட்டது. லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. இப்போது மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவில், மாத்திரை பாட்டிலில் வருகிற அந்த ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு வைக்கிறோம்.

மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, ராஜமலைக்கு அந்தப் பக்கம் மலை சரிந்து லயன் வீடுகள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள், புதைந்தன. 70 பேர் போனார்கள். எல்லாம் நம் ஆட்கள், கயத்தாறுப் பக்கத்திலிருந்து தேயிலை பறிக்கப் போன குடும்பங்கள். கரண்ட் இல்லை, போன் இல்லை, வெளியே தெரிய மறுநாள் காலை ஆகிவிட்டது. அவர்களிடம் என் மாதிரி ஒரு செட் இருந்திருந்தால் என்று நான் பேச மாட்டேன். அரை வாட் அந்த மலைகளைத் தாண்டி மூணாறுக்குப் போயிருக்காது. அந்த வேலைக்கு, பேச்சை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும், உரிமம் வாங்கிய பெரிய செட் வேண்டும், அதை எஸ்டேட்டும் அரசாங்கமும்தான் செய்ய வேண்டும். நான் சொல்வது லயத்துக்கும் லயத்துக்கும், தோட்டத்துக்கும் ஸ்டோருக்கும் இடையே உள்ள தூரத்துக்கு. ஓடையில் தண்ணீர் நிறம் மாறுகிறது என்று மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்கிற தூரம்.

இந்தத் தூரத்துக்குச் சட்டப்படி ஒரு கருவி இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. வனத்துறை எங்களுடன் கூட்டம் போடுகிறது, ஆனை பற்றிப் பேசுகிறது, பட்டாசு வெடிக்காதே என்கிறது, சரி. அதே கூட்டத்தில் எந்தச் செட் வாங்கலாம், எது கூடாது என்று ஐந்து நிமிஷம் சொன்னால், தங்கை மகன்கள் யாரும் அவர்கள் சேனலில் போய் "அலோ" சொல்ல மாட்டார்கள். பெட்டியின் மேல் அலைவரிசையைத் தமிழிலும் மலையாளத்திலும், கிலோமீட்டர் போடுகிற அதே பெரிய எழுத்தில் போட வைத்தால் இன்னும் நல்லது. பில் போடாத கடைகளைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். போன வாரச் செய்தியில் எந்த அலைவரிசை என்று போடவில்லை. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, அரை வாட்டுக்குள், இ.டி.ஏ. சான்றுள்ள கைக்கருவிக்கு உரிமம் தேவையில்லை என்று ஒரே ஒரு வரி, அதே மாவட்டப் பக்கத்தில், அதே இடத்தில் போடுங்கள். போடிமெட்டுக்கு உங்கள் பேப்பர் முதல் பஸ்ஸில் வந்துவிடும். டீக்கடைக்காரர் உரக்கப் படிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டக்காரன்,
போடிநாயக்கனூர்